மனசு வரட்டும் என்று காத்திருக்காதே: பதின்வயதில் மனச்சோர்வைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு 16 வயதில் பல் துலக்குவது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. கட்டிலில் இருந்து வாஷ்பேசின் எட்டடி தூரம்தான். எழுந்திருக்கணும், பிரஷ்ஷைத் தேடணும், பேஸ்ட்டைப் பிதுக்கணும், குழாயைத் திறக்கணும் என்று மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தே களைத்துப்போய்த் திரும்பப் படுத்துவிடுவேன். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். நானும் அப்படித்தான் நம்பினேன். அது மனச்சோர்வு என்று தெரிய ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதமும் நான் காத்துக்கொண்டிருந்தேன். மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் குளிக்கலாம். மனசு சரியாகட்டும், அப்புறம் யாரிடமாவது சொல்லலாம். நல்ல உடம்புக்கு இந்த வரிசை சரி. மனச்சோர்வில் இது தலைகீழ். ஏதாவது ஒன்றைச் செய்தால்தான் மனசு கொஞ்சம் அசையும். மனசு அசைந்த பிறகு செய்யலாம் என்றால் அந்த நாள் வரவே வராது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

பதின்வயதில் இருக்கும் உனக்காகத்தான் எழுதுகிறேன். பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் பின்னால் ஒரு சிறிய பகுதி உண்டு.

முதல் படி: இது சோகமா, மனச்சோர்வா?

சோகத்தில் இடைவெளி இருக்கும். மார்க் குறைந்தது, உயிர்த்தோழி பேசாமல் போனது என்று அழுதுகொண்டிருந்தாலும் நடுவில் யாராவது ஜோக் அடித்தால் சிரிப்பு வந்துவிடும். மனச்சோர்வில் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. பிடித்த விளையாட்டை டிவியில் பார்க்கும்போதுகூட அது வேறு யாருக்கோ நடப்பதுபோல இருக்கும்.

மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டம் இல்லாமை, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசி அல்லது எடை மாறுவது, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணம் என மொத்தம் 9 அறிகுறிகள். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாளும் இருந்து, அன்றாட வாழ்க்கையையும் குலைத்தால் அது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

உன் வயதுக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதல் அறிகுறியாக வரலாம். ‘சாப்பிட வா’ என்று கூப்பிட்டதற்குக் கத்துவது, கதவை அறைந்து சாத்துவது, அப்புறம் உள்ளே போய் ‘ஏன் இப்படிக் கத்தினேன்’ என்று குமைவது. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது திமிராகத்தான் தெரியும். தலைவலி, வயிற்றுவலி என்று உடம்பிலும் வரலாம். ஒரே வரியை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாமல் போவதும் இதே கூட்டம்தான். அறிவு மழுங்கிவிட்டது என்று பயப்படாதே.

பி.ஹெச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது, இணையத்தில் தமிழிலும் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும், அதிகபட்சம் 27. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு டாக்டரைப் பார். கடைசிக் கேள்வி, உயிரை விடுவது பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்.

காரணம் என்ன என்று தேடி அதிகம் அலையாதே. பரம்பரை, பருவ மாற்றம், தூக்கக் குறைவு, கேலி கிண்டல், ஓர் இழப்பு, வீட்டுச் சண்டை எனப் பல சேர்ந்து வருவதுதான் வழக்கம். காரணமே தெரியாமலும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்காரர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. உன் வகுப்பில் 35 பேர் என்றால் ஐந்து பேர். உன்னைத் தவிர மற்ற நாலு பேரும் உன்னை மாதிரியே சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கலாம்.

இடையில் ஓர் அவசரம்

சாக வேண்டும் என்றோ, ‘நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி’ என்றோ எண்ணம் வருகிறதா? உன்னை நீயே காயப்படுத்திக்கொள்கிறாயா? அப்படியானால் மற்ற படிகள் அப்புறம். இப்போதே தனியாக இருக்கும் இடத்தை விட்டு ஆள் இருக்கும் இடத்துக்குப் போ. ‘எனக்குச் சாகணும்போல இருக்கு, என்னைத் தனியா விடாதீங்க’ என்று நேராகவே சொல். நாசூக்காகச் சொன்னால் புரியாமல் போய்விடும். ஆள் யாரும் இல்லாவிட்டால் உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ கூப்பிடு. என்ன செய்வது என்று மனதில் திட்டமே இருந்தால் நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு, யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

இந்த எண்ணம் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. அந்த நேரத்தைக் கடக்கும்வரை ஆள் துணை வேண்டும், உன்னைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் கைக்கு எட்டக் கூடாது. உயிர்காப்பது இந்த இரண்டும்தான்.

கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு தாளில் எழுதி வை: அலை ஏறப்போவதற்கு என்ன அடையாளம், தனியாக இருக்கும்போது எது கவனத்தைத் திருப்பும், யாரோடு போய் இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த டாக்டர், எந்த எண், எதையெல்லாம் அறையில் இருந்து அப்புறப்படுத்த வேண்டும். மனநல நிபுணர்கள் இதைப் பாதுகாப்புத் திட்டம் என்கிறார்கள். போனில் ஒரு போட்டோ எடுத்தும் வைத்துக்கொள். உச்சியில் இருக்கும்போது மூளை எதையும் யோசித்துக் கண்டுபிடிக்காது. படித்துச் செய்ய மட்டும்தான் முடியும்.

இரண்டாம் படி: ஒரே ஒருவரிடம் சொல்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நான் என் சித்தியிடம் சொன்னேன். நேரில் இல்லை, மெசேஜில். மூன்று ராத்திரி டைப் செய்து அழித்தேன். நாலாவது ராத்திரி, ‘சித்தி தூங்கிட்டீங்களா’ என்று மட்டும் அனுப்பினேன். ‘இல்லடா, என்ன’ என்று வந்தது. அதற்குப் பிறகு பின்வாங்க முடியவில்லை. முதல் வரியைச் சின்னதாக வைப்பது என் அனுபவத்தில் நல்ல தந்திரம். முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் வாய் திறக்காது.

யாரிடம் சொல்வது? பெற்றோராக இருந்தால் நல்லது. டாக்டரிடம் போக, பணம் கட்ட, பள்ளியில் பேச அவர்கள் தேவைப்படுவார்கள். ஆனால் முதல் ஆள் அவர்களாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. அத்தை, மாமா, அக்கா, பிடித்த டீச்சர், பள்ளி ஆலோசகர் என்று பதறாமல் கேட்கக்கூடிய ஒரு பெரியவர் போதும். நண்பனிடம் சொல்வதும் நல்லதுதான். ஆனால் அவனுக்கும் உன் வயதுதான், அந்தப் பாரத்தை அவன் ஒருவன் தலையில் வைக்காதே.

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இதை அப்படியே எடுத்துக்கொள்:

‘கொஞ்ச நாளா எனக்கு மனசு சரியில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. தூக்கம் வரலை, எதுலயும் பிடிப்பு இல்லை. டிப்ரஷனா இருக்குமோன்னு பயமா இருக்கு. டாக்டரைப் பார்க்கணும், கூட வர்றீங்களா?’

எவ்வளவு நாள், என்ன நடக்கிறது, என்ன வேண்டும் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. கடைசிக் கேள்வி முக்கியம். ‘மனசு சரியில்லை’ என்பதோடு நிறுத்தினால் அறிவுரைதான் வரும். ‘கூட வர்றீங்களா’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

‘உனக்கு என்ன குறைச்சல்?’ என்ற பதிலுக்கும் தயாராக இரு. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்டவர்கள்தான். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை; பயத்தில் வருகிற வார்த்தை அது. எனக்குப் பிறகு தோன்றிய பதில் இது: ‘குறை எதுவும் இல்லை. அதனாலதான் இது நோயா இருக்குமோன்னு கேக்கறேன்.’ அதுவும் எடுபடவில்லையா, அடுத்த ஆளிடம் போ. ஒருவர் காதில் வாங்கவில்லை என்றால் சொன்னது தப்பு என்று ஆகாது.

வீட்டுக்குள்ளேயே அடியோ, தப்பான தொடுகையோ, தொடர்ந்த வசையோ இருந்தால் கதை வேறு. வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு பெரியவர் அல்லது குழந்தைகளுக்கான உதவி எண்தான் உனக்கு முதல் படி.

மூன்றாம் படி: டாக்டரிடம் என்ன நடக்கும்

எதிர்பார்த்த அளவுக்கு இது பயங்கரமாக இருக்காது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம். ரத்தப் பரிசோதனை எழுதினால் ஆச்சரியப்படாதே. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு எல்லாம் இதே மாதிரி சோர்வைத் தரும். அவர் மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அனுப்பலாம். முன்னவர் மருந்து எழுதுவார். பின்னவர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்னவெல்லாம் விட்டுப்போனது, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ இருமுனைக் கோளாறோ (மனநிலை சில காலம் அடியில் கிடந்து, சில காலம் அளவுக்கு மீறி எகிறுகிற நோய்) உண்டா. கடைசிக் கேள்வியை மறைக்கக் கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மனநிலை மறுபக்கம் எகிறிவிடலாம், டாக்டர் அதைத் தெரிந்துதான் மருந்து எழுதுவார். கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுப்பார். எதைப் பெற்றோரிடம் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடு. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் கட்டாயம் சொல்வார்.

மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதில் வீடுகளில் பெரிய சண்டை நடக்கும். அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள 12 முதல் 17 வயது வரையான 439 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2004-ல் வெளியானது. 12 வாரம் கழித்து, ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் என்றால் 43, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு 35. இவர்கள் நடுத்தரம் முதல் கடுமை வரையான நிலையில் இருந்தவர்கள். லேசாக இருப்பவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையிலேயே தொடங்குவதுதான் வழக்கம்.

மாத்திரை எழுதினால் சிலவற்றைத் தெரிந்துகொள். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் போன்ற தொல்லைகள் முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். அதனால்தான் பலர் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள். உன் வயதுக்காரர்களில் சிலருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-லேயே எச்சரித்தது. அதற்காக மருந்தே கூடாது என்று இல்லை. அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் கண்காணிக்க வேண்டும், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சரியாகிவிட்டது என்று நீயாகவே திடீரென நிறுத்தாதே. தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.

ஆலோசகர் பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம். நான் முதலில் பார்த்தவர் முக்கால் மணி நேரமும் தியானம் பற்றியே பேசினார். இரண்டாமவர், ‘இன்னைக்குக் காலையில எத்தனை மணிக்கு எழுந்தே? எழுந்ததும் என்ன செஞ்சே?’ என்று கேட்டார். அவரிடம்தான் நிலைத்தேன்.

நான்காம் படி: அவமானப்படும் அளவுக்குச் சின்னதாகத் தொடங்கு

இரண்டாமவர் சொல்லிக்கொடுத்தது இது. ஒரு வாரம் எதையும் மாற்றாதே, எழுது மட்டும். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தாய், அப்போது மனசு 0 முதல் 10 வரை எங்கே இருந்தது. என் நோட்டில் முதல் மூன்று நாள் முழுக்க 2, 2, 1, 2. நாலாம் நாள் ஓர் இடத்தில் 4. பக்கத்தில், ‘மாடியில் துணி எடுத்தேன்’ என்று இருந்தது. மழை வருகிறது என்று அம்மா கத்தியதால் ஓடிப்போய் எடுத்தது, அவ்வளவுதான். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நோட்டில் நம்பர் இருந்தது. நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது என்று மனம் சொன்னது பொய் என்பதற்கு அந்த 4 சாட்சி.

இரண்டாவது வாரத்தில் அந்த 4 மாதிரியான இடங்களை வேண்டுமென்றே நாளுக்கு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நேரம் குறித்து வை. ‘மனசு இருந்தால்’ என்ற பேச்சே கூடாது. மனச்சோர்வுச் சிகிச்சைகளிலேயே நன்றாகச் சோதிக்கப்பட்ட முறைகளில் இதுவும் ஒன்று.

அளவுதான் இதில் சூட்சுமம். ‘தினமும் ஒரு மணி நேரம் ஓடுவேன்’ என்று தொடங்கினால் மூன்றாம் நாள் தோற்பாய், அந்தத் தோல்வியை மனச்சோர்வு உனக்கு எதிராகவே பயன்படுத்தும். ஷூ போட்டுக்கொண்டு வாசல்வரை போய் வருவதை முதல் வாரத்துக்கு வை. குளிக்க முடியவில்லையா, முகம் கழுவு. அதுவும் முடியவில்லையா, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் வை. நான் பல் துலக்கியது அப்படித்தான்: முதல் நான்கு நாள் பிரஷ்ஷைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, பேஸ்ட் இல்லாமல். பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் வாஷ்பேசினுக்கு நடந்தேன்.

செய்யும்போது சந்தோஷம் வரவில்லையே என்று நிறுத்தாதே. ஆரம்பத்தில் வராது. 2 என்பது 3 ஆனால் அது அந்த வாரத்துக்குப் போதும். முடிந்தால் உடம்பு அசையும் வேலை ஒன்றும், ஆட்கள் இருக்கும் வேலை ஒன்றும் கலந்திருக்கட்டும்.

ஐந்தாம் படி: தூக்கம்

பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. சின்ன வயதில் ஒன்பது மணிக்கு வந்த தூக்கம் இப்போது பதினொன்றுக்கு வருவது இயற்கை. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், ஆனால் பள்ளி மணி மாறுவதில்லை. இதன் மேல் மனச்சோர்வும் ஏறினால் இரவு இரண்டு மணிவரை விழிப்பு, பகல் முழுக்கப் படுக்கை.

படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதே, அது நம் கையில் இல்லை. எழும் நேரத்தைப் பிடி. விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் எழு. எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில். உடல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம்தான். போனை வேறு அறையில் சார்ஜ் போடு. அலாரத்துக்குப் போன்தான் வேண்டும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். சித்தி ஒரு பழைய அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஆறாம் படி: மனசு சொல்வதை எழுதி விசாரி

மனச்சோர்வு பேசும் பாஷையில் ‘எப்பவும்’, ‘யாருமே’, ‘எதுவுமே’ அதிகம். ‘யாருக்குமே என்னைப் பிடிக்கலை.’ தலைக்குள் இருக்கும்வரை இது உண்மை மாதிரியே ஒலிக்கும். தாளில் எழுதிவிட்டு, கீழே இரண்டு கேள்வி போடு: இதற்கு என்ன ஆதாரம்? இதையே என் தோழி தன்னைப் பற்றிச் சொன்னால் அவளிடம் என்ன சொல்வேன்? ‘நேற்று கார்த்திகா எனக்காக பஸ்ஸில் இடம் பிடித்தாள்’ என்ற மாதிரி ஏதோ ஒன்று வரும். அது போதும். ‘எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்’ என்று எழுதிக்கொள்ளத் தேவையில்லை, அதை மனசு நம்பவும் நம்பாது.

சிலர் இந்த விசாரணையையே நாள் முழுக்கச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஒரே விஷயத்தை மென்றுகொண்டே இருப்பது மனச்சோர்வைக் கூட்டும். பத்து நிமிடம் எழுது, நோட்டை மூடு, கைக்கு ஏதாவது வேலை கொடு.

போன், போதை, படிப்பு

போனைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். சிலருக்கு அதில்தான் நட்பே இருக்கிறது. பேசுவது வேறு, மற்றவர் வாழ்க்கையை வெறுமனே உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. அந்த நோட்டிலேயே உருட்டிய பிறகு என்ன நம்பர் வருகிறது என்று பார்த்துவிட்டு நீயே முடிவு செய். மதுவும் மற்ற போதைகளும் அன்றிரவு மரத்துப்போக வைக்கும், மறுநாள் இன்னும் கீழே தள்ளும். மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்தும்கூட.

படிப்பில் பின்தங்கியிருப்பாய். பள்ளியில் ஒருவருக்காவது விஷயம் தெரியட்டும். கெடுவைத் தள்ளிக் கொடுக்கவும் வேலையைக் குறைக்கவும் பல இடங்களில் வழி உண்டு. 25 நிமிடம் படிக்க முடியாவிட்டால் 10 நிமிடம் படி. பெரிய முடிவுகளை, அதாவது படிப்பை நிறுத்துவது, நட்பை முறிப்பது போன்றவற்றைத் தேறும்வரை ஒத்திப்போடு.

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும்

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள்; கூடவே இருங்கள், மருந்துகளையும் ஆபத்தான பொருட்களையும் பூட்டி வையுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மற்ற நாட்களில் அறிவுரையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ‘நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கப் போறோம், வா’ என்பது ‘வெளியே எங்கயாவது போயேன்’ என்பதைவிட நூறு மடங்கு உதவும்.

நண்பன் இரகசியம் என்று சொன்னாலும், உயிர் விஷயம் என்றால் அதைக் காப்பாற்றாதே. கோபித்துக்கொள்ளட்டும். பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடு.

கடைசிப் படி: திரும்ப வந்தால்

மேலே சொன்ன ஆய்வில் இருந்தவர்களில் 196 பேரை ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 96 சதவீதம் பேர் அந்த மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். மீண்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அது திரும்ப வந்தது. எனக்கும் 19 வயதில் வந்தது. இரண்டாம் முறை ஏழு மாதம் ஆகவில்லை, மூன்றாவது வாரமே டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தேறிய கையோடு உன் முதல் அடையாளங்களை எழுதி வை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. என் பட்டியல் அலமாரிக் கதவின் உட்பக்கம் இன்னும் ஒட்டியிருக்கிறது: பல் துலக்கத் தள்ளிப்போடுவது, மெசேஜ்களைத் திறக்காமல் விடுவது, பாட்டு கேட்காமல் இருப்பது, சட்டென்று எரிந்து விழுவது. கூட இருக்கும் ஒருவரிடமும் அதைக் காட்டு. நமக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். என் பட்டியலில் நான்கு வரிக்குக் கீழே, வேறு மையில், சித்தியின் கையெழுத்தில் ஐந்தாவது வரி இருக்கிறது: ‘போனில் வெறும் ம் மட்டும் சொல்வது.’